திருச்சியில் ஏறுவதா, சென்னை போய் ஏறுவதா: சிங்கப்பூர் டிக்கெட் கணக்கு

மச்சினன் போன வாரம் இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், கீழே ஒரே வரி: "அத்தான், இதுல எதைப் போடட்டும்?" ஒன்று திருச்சிக்கு ஸ்கூட். இன்னொன்று சென்னைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். போக, வர இரண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் ஏறக்குறைய 6,000 ரூபாய். பார்த்தவுடன் கை ஸ்கூட் பக்கம்தான் போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் பதினோரு வருடமாக தஞ்சாவூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறவன் என்ற முறையில், அந்த 6,000 ரூபாய் நிஜமா பொய்யா என்று பார்க்காமல் பணம் கட்டாதே என்று சொல்லி வைத்தேன். சில வருடம் அது பொய்யாகப் போயிருக்கிறது. சில வருடம் அதுவே இரண்டு மடங்காகவும் ஆகியிருக்கிறது.

முதலில் யார் யார் பறக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் போகிறவை ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். மூன்றுமே பட்ஜெட் ரகம். சாப்பாடு, பெட்டி, இருக்கை எல்லாம் சேர்ந்த ஃபுல் சர்வீஸ் வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும், அங்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: ஸ்கூட் வேறு யாருமில்லை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்தப் பிள்ளை. 2012-இல் பறக்க ஆரம்பித்து, 2017-இல் டைகர்ஏரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது (எங்கள் ஊரில் பெரியவர்கள் சிலர் இன்னும் "டைகர்லயா வந்தே" என்றுதான் கேட்கிறார்கள்). அதே மாதிரி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஏர் இந்தியாவின் பிள்ளை, 2022 முதல் இரண்டும் டாடா கையில். ஆக, பல நேரம் பணம் போய்ச் சேர்கிற வீடு ஒன்றுதான், எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதுதான் வேறு.

பெரிய விமானம் ஏன் திருச்சிக்கு வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு: ஓடுபாதை இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏ320, 737 மாதிரி நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்களுக்குத்தான் அது தோது. நீட்டிக்கும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. 2024-இல் புதிய முனையம் திறந்தார்கள், கட்டடம் கண்ணைப் பறிக்கிறது, ஓடுபாதை பழைய நீளம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தத் தடத்தில் எல்லாமே கிலோவில்தான் முடியும். மற்ற ஊர்க்காரர்கள் காலை நீட்ட இடம் இருக்கிறதா, படம் பார்க்கத் திரை இருக்கிறதா என்றெல்லாம் ஒப்பிடுவார்கள். நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை கிலோ?" அது சரியான கேள்வியும்கூட.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இருப்பதிலேயே மலிவான லைட் ரக டிக்கெட்டிலும் 25 கிலோ பெட்டி சேர்ந்தே வரும், கையில் 7 கிலோ. ஸ்கூட்டின் வெறும் ஃப்ளை டிக்கெட்டில் பெட்டியே கிடையாது, கையில் மட்டும் இரண்டு பையாக மொத்தம் 10 கிலோ. பெட்டி வேண்டுமென்றால் ஃப்ளைபேக், பெட்டியும் சாப்பாடும் வேண்டுமென்றால் ஃப்ளைபேக்ஈட் என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பெட்டி 20 கிலோவில் ஆரம்பிக்கும். மச்சினன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது வெறும் ஃப்ளை. அதாவது அவன் 10 கிலோவையும் 32 கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பார்த்துக்கொண்டிருந்தான். தேடல் தளங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு, மலிவானது மேலே வரும்படி அடுக்கி வைத்துவிட்டு, அதில் என்ன இல்லை என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் 20 கிலோ சேர்த்து மறுபடி பார் என்றேன். வித்தியாசத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் கார்டுக்கென்று ஒரு கட்டணம் வேறு ஏறும், பணம் கட்டுகிற பக்கம் வரை போகாமல் பட்ஜெட் விமானத்தின் விலையை நம்பாதீர்கள்.

இதே கிலோக் கணக்கு தலைகீழாகவும் திரும்பும், அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ மூன்று நாளைக்கு வந்து போகிறீர்கள், பெட்டியே வேண்டாம் என்றால், கையில் 10 கிலோ தருகிற பட்ஜெட் டிக்கெட் கையில் 7 கிலோ தருகிற பெரிய விமானத்தைவிட உங்களுக்கு வசதி. எடுத்துச் செல்லாத 25 கிலோவுக்கு எதற்குப் பணம்? அந்த மாதிரிப் பயணத்துக்கு நான் யோசிப்பதே இல்லை, வெறும் ஃப்ளைதான்.

வருடாந்திர லீவு வேறு விஷயம். சிங்கப்பூரிலிருந்து போகும்போது கோடாலித் தைலம், மைலோ டின், முஸ்தபாவில் வாங்கிய சாக்லேட், யாருக்கோ யாரோ கொடுத்தனுப்பிய செல்போன், திரும்பும்போது குழம்புத்தூள், அப்பளம், ஊறுகாய், தாளிப்பு வடகம். வடகத்தை வாசனை வராமல் கட்டுவது தனிக் கலை, நான்கு பிளாஸ்டிக் உறை போட்டாலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டி வரும் முன்னே வடகம் வந்துவிடும். இந்த லீவுக்கு 20 கிலோ போதாது என்பதை ஒவ்வொரு வருடமும் கவுண்டரில் போய்த்தான் கண்டுபிடிக்கிறோம். எடை கூடினால் முன்பதிவின்போது கட்டுவதற்கும் கவுண்டரில் கட்டுவதற்கும் விலை ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரு முறை (எந்த விமானம் என்று சொல்லப்போவதில்லை) 3 கிலோ அதிகமாகி, வரிசையிலிருந்து விலகி, தரையில் பெட்டியைத் திறந்து, மனைவி கட்டிக்கொடுத்த முறுக்கு டின்னை வழியனுப்ப வந்த சித்தப்பாவிடம் கண்ணாடி வழியாகச் சைகை காட்டி வெளியே கொடுத்தனுப்பினேன். அப்புறம் கேட்டில் கைப்பையையும் எடை போட்டார்கள். அன்றைக்கு 400 ரூபாய்க்கு ஒரு கொக்கித் தராசு வாங்கினேன், இந்தத் தடத்தில் நான் போட்ட உருப்படியான முதலீடு அதுதான்.

அடுத்தது வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் செலவு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள். வேன் வைத்தால் குடும்பமே வந்து வழியனுப்பிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும். சென்னை என்றால் 340 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி பஸ்ஸோ ரயிலோ. ரயிலில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்துவிடலாம், எதிரே விமான நிலையம். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் 30 கிலோ பெட்டியோடு தாம்பரம் நடைமேடையில் படி ஏறிப் பாருங்கள். பஸ் என்றால் இப்போது பெரும்பாலும் கிளாம்பாக்கம், அங்கிருந்து ஆட்டோவோ டாக்சியோ. விமானம் மதியம் என்றால் காலை முழுவதும் எங்கே உட்காருவது என்று ஒரு கேள்வி, அதற்குள் இட்லி, காபி, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று ஒரு சின்னக் குடித்தனமே நடத்த வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, ஒரு ஆளுக்குப் போக வரப் பஸ், டாக்சி, வழியில் சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி என்றால் 6,000. பிள்ளைகள் இரண்டு இருந்தால் இன்னும் மேலே. இதோடு ஒரு நாள் லீவு போச்சு, போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாகவும் ஆகலாம். இரண்டு வாரம் லீவு வாங்குவதற்கே சூப்பர்வைசரிடம் நாலு முறை கேட்கிறவனுக்கு அந்த நாளின் விலை என்ன என்று எந்தத் தளமும் சொல்லாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கும்பகோணம், காரைக்குடிக் காரர்கள் தனியாகவோ குடும்பமாகவோ லீவுக்குப் போகும்போது, பெட்டி சேர்த்துப் போட்ட பட்ஜெட் டிக்கெட்தான் ஜெயிக்கும். விழுப்புரத்துக்கு வடக்கே இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு சென்னையிலேயே ஏறலாம், உங்களுக்குத் திருச்சி எதற்கு.

விமானத்துக்குள் இருக்கும் சுகத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பயணம் சுமார் நாலு மணி நேரம். பெரிய விமானத்தில் முழங்காலுக்கு இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும், திரையில் தமிழ்ப் படம் ஓடும், சூடாகச் சாப்பாடு வரும், சைவம் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். பட்ஜெட்டில் பொதுவாக எதுவும் வராது, ஸ்கூட்டில் தண்ணீர் பாட்டில்கூடக் காசு. அந்த இரண்டு அங்குல சுகத்துக்காக ஆறு மணி நேரம் பஸ்ஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு சென்னை போவது எனக்குச் சிரிப்பாகத்தான் வரும், பறக்கிற நேரத்தைவிட அந்தப் பஸ் நேரம் அதிகம். தண்ணீர் விஷயத்தில் ஒன்று மட்டும்: சாங்கியில் ஸ்கூட் போகிற முதல் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை கேட்டுக்குப் பக்கத்தில்தான், அதனால் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலாக உள்ளே கொண்டுபோய், சோதனை முடிந்த பிறகு குழாய் இருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை இருந்தால் மட்டும் நான் இவ்வளவு அலட்சியமாகப் பேச மாட்டேன். சென்னைக்கு வருகிற அகல விமானங்களில் முன்வரிசையில் தொட்டில் கேட்டு வாங்கலாம். ராத்திரி விமானத்தில் எட்டு மாதக் குழந்தையை நாலு மணி நேரம் மடியிலேயே வைத்திருந்த என் மனைவி, அடுத்த முறை பேச்சுக்கே இடமில்லாமல் சென்னை என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

இப்போது பாதுகாப்பு. "மலிவு விமானம், ஆபத்தில்லையா?" என்று அம்மா கேட்டார், எல்லா அம்மாக்களும் கேட்பார்கள். 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்ததை ஊரே டிவியில் பார்த்தது, சுமார் 140 பேர் உள்ளே. எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பத்திரமாக இறக்கினார்கள். அம்மா அதைப் பயத்துக்குச் சாட்சியாகச் சொன்னார், நான் அதையே தைரியத்துக்குச் சாட்சியாகச் சொன்னேன். விமானிக்கு உரிமம் கொடுப்பதும் விமானத்தைச் சோதிக்கச் சொல்வதும் இந்தியாவில் டிஜிசிஏ என்ற விமானத்துறை ஆணையம், சிங்கப்பூரில் அங்குள்ள ஆணையம். மலிவு டிக்கெட்டுக்கு மலிவு விதி என்று ஒன்று கிடையாது. பட்ஜெட் நிறுவனம் காசு மிச்சம் பிடிப்பது வேறு இடங்களில்: ஒரே ரக விமானமாக வைத்துக்கொள்வது, இருக்கைகளை நெருக்கிப் போடுவது, இறங்கிய விமானத்தை ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏற்றி அனுப்புவது.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் உண்மையான வித்தியாசம் ஒளிந்திருக்கிறது, எல்லாம் சரியாக நடக்கிற நாளில் அது தெரியாது. ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராக ஓடுவதால், காலையில் எங்கோ ஒரு மணி நேரம் தவறினால் ராத்திரி திருச்சிக்கு வரும்போது அது மூன்று மணி நேரமாகியிருக்கும். ரத்தாகிவிட்டாலோ, அதே நிறுவனத்தின் அடுத்த விமானத்தில் இடம் இருக்க வேண்டும், திருச்சியில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம்தான். சென்னையில் வேறு வேறு நிறுவனங்களின் விமானங்கள் நாளுக்குப் பல, பெரிய நிறுவனமென்றால் இன்னொன்றில் ஏற்றிவிடும் ஏற்பாடும் இருக்கும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளின் பணிநேர விதி மாறியதற்குப் போதிய ஆள் ஏற்பாடு செய்யாததுதான் காரணம் என்று பேசப்பட்டது, மற்ற நிறுவனங்களின் கட்டணம் ஏறிய ஏற்றத்தில் அரசே உள்நாட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. அந்த வாரம் இண்டிகோ டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குப் பணம் திரும்பியது. போக வேண்டிய இடத்துக்குப் போக முடிந்ததா என்பது வேறு கதை.

சட்டம் இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் கிளம்பும் விமானம் தாமதமானால், இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரப் பயணத்துக்கு, மூன்று மணி நேரத் தாமதத்துக்கு மேல் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்கிறது டிஜிசிஏ விதி. "நான் பட்ஜெட் டிக்கெட், எனக்குக் கிடையாது" என்று நீங்களாகவே ஒதுங்க வேண்டாம், கவுண்டரில் போய்க் கேளுங்கள். பெட்டி தொலைந்தாலும் அப்படித்தான். பன்னாட்டுப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை, இந்தியாவும் சிங்கப்பூரும் அதில் உண்டு, பட்ஜெட் என்று அதில் தனிப் பிரிவு இல்லை. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்வது உத்தமம். வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டு நாளைக்கு எழுதலாம் என்று வந்தவர்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் உதவாத இடம் ஒன்று உண்டு, அங்கேதான் பட்ஜெட் டிக்கெட் நிஜமாகவே ஆபத்து. எங்கள் பெரியப்பா மகன் மெல்போர்னில் படிக்கிறான். திருச்சி முதல் சிங்கப்பூர் வரை ஒரு நிறுவனத்தில் ஒரு டிக்கெட், சிங்கப்பூர் முதல் மெல்போர்ன் வரை இன்னொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று போட்டுப் பணம் மிச்சம் பிடித்தான். முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானம் இவனுக்காகக் காத்திருக்கவில்லை, ஏன் காத்திருக்க வேண்டும், இவன் வருவதே அதற்குத் தெரியாது. முதல் நிறுவனம் "உங்களைச் சிங்கப்பூர் கொண்டுவந்து விட்டோமே" என்றது. அதுவும் உண்மைதான். புது டிக்கெட்டுக்கு அவன் கட்டிய தொகை மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு. தொடர் பயணம் என்றால் ஒரே முன்பதிவு எண்ணில்தான் போக வேண்டும், இதில் விலை பார்க்கவே கூடாது. அதற்கு சென்னைதான் போயாக வேண்டும் என்றும் இல்லை: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்திலேயே திருச்சியிலிருந்து தேடினால் முதல் பகுதியை ஸ்கூட் ஓட்ட, மீதியை சிங்கப்பூர் ஏர்லைன்ஸே ஓட்ட, ஒரே டிக்கெட்டாகத் தரும், பெட்டி திருச்சியில் போட்டால் கடைசி ஊரில் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் உடம்பு பட்ஜெட், பொறுப்பு பெரிய வீட்டுடையது.

இன்னொரு வழியும் உண்டு, சென்னை போகாமலே ஃபுல் சர்வீஸ் வேண்டும் என்பவர்களுக்கு: ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் திருச்சியிலிருந்து கொழும்பு போகிறது, அங்கிருந்து சிங்கப்பூர். கொழும்புக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான், பெட்டியும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே. கொழும்பில் எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் போட வேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு, எடை அதிகம் உள்ளவர்களுக்கு நல்ல வழி. நான் ஒரே முறைதான் போனேன், குறை சொல்ல எதுவும் இல்லை, நேரம்தான் நீண்டது.

வயதான பெற்றோர் தனியாக வருவதாக இருந்தால்? பெரும்பாலானவர்கள் "அவங்களையாவது நல்ல விமானத்துல அனுப்பு" என்பார்கள். நான் அதற்கு நேர் எதிர் கட்சி. அம்மா முதல் முறை தனியாக வந்தபோது திருச்சியிலிருந்துதான் வரவழைத்தேன். சென்னை விமான நிலையத்தின் கூட்டத்திலும் நடையிலும் அவர் தொலைந்துபோவார் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, திருச்சி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேராவூரணிக்காரராகவோ மன்னார்குடிக்காரராகவோதான் இருப்பார். "எங்கம்மா போறீங்க, மகன் எங்க வேலை" என்று ஆரம்பித்து, பெட்டியை இறக்கிக் கொடுப்பது முதல் வெளியே கொண்டுவந்து கையில் ஒப்படைப்பது வரை பார்த்துக்கொள்வார்கள், இந்த சேவையை எந்த ஃபுல் சர்வீஸும் தராது. ஆனால் அவர்களுக்கு வெறும் ஃப்ளை டிக்கெட் போடாதீர்கள். பெட்டி, சாப்பாடு, நடைபாதையோர இருக்கை எல்லாவற்றுக்கும் முன்பே கட்டிவிடுங்கள், விமானத்தில் கார்டை எடுத்து உப்புமா வாங்கிச் சாப்பிடுகிற ஆள் இல்லை அவர்கள், பசியோடு உட்கார்ந்திருந்துவிட்டு "எனக்குப் பசிக்கலப்பா" என்பார்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே பதியுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பி அனுப்பிவிடுங்கள், அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

விலைக்குத் திரும்பினால், பட்ஜெட் என்ற பெயரை வைத்து எப்போதும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளி, பொங்கல், சிங்கப்பூரில் ஜூன் மாதமும் வருடக் கடைசியிலும் வருகிற பள்ளி விடுமுறை, இந்த நேரங்களில் திருச்சி விமானங்களின் விலை பெரிய விமானத்தைத் தொட்டுவிடும், சில தேதிகளில் தாண்டியும் போயிருக்கிறது. அப்படிப்பட்ட தேதியில் பஸ் செலவையும் சேர்த்துச் சென்னைக் கணக்கு போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மற்ற நாட்களில் ஸ்கூட் செவ்வாய்க்கிழமைதோறும் போடுகிற தள்ளுபடியைக் கவனியுங்கள். பட்ஜெட் நிறுவனங்கள் போகிற டிக்கெட்டுக்கும் வருகிற டிக்கெட்டுக்கும் தனித்தனியே விலை வைப்பதால், போக ஒன்றிலும் வர இன்னொன்றிலும் போடலாம், போக 20 கிலோ வர 30 கிலோ என்றும் பிரித்து வாங்கலாம். பெரிய நிறுவனத்தில் ஒருவழி டிக்கெட் பல நேரம் இருவழியின் பாதியைவிட அதிகம்.

தேதி மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பெரிய விமானம் என்றாலே மாற்றலாம், ரத்து செய்தால் பணம் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. லைட் ரகத்தில் அதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், ரத்து செய்தால் டிக்கெட் கட்டணம் போனதுதான், இருக்கை தேர்வு செய்யவும் காசு. பெரிய வீட்டுக்காரர்களும் பட்ஜெட்காரர்களைப் பார்த்துத் துண்டு துண்டாக விற்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஏர் இந்தியாகூட 2024-இல் உள்நாட்டு மலிவு டிக்கெட்டில் பெட்டி எடையை 15 கிலோவாகக் குறைத்தது, அது இண்டிகோ தருகிற அதே 15. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, தேதி நிச்சயமில்லை என்ற நிலையில் இருந்தால், எந்த நிறுவனமானாலும் மாற்றக்கூடிய மேல் ரக டிக்கெட்டைப் பாருங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் நான் அப்படித்தான் எடுத்தேன், இரண்டு முறை தேதி மாற்றினேன், அந்தக் கூடுதல் பணத்தைப் பற்றி இன்று வரை வருத்தப்பட்டதில்லை.

மச்சினனுக்கு வருவோம். தனியாள், தேதி நிச்சயம், தொடர் பயணம் கிடையாது, வீடு ஒரத்தநாடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, திருச்சிதான், இரண்டு பக்கமும் 20 கிலோ போடு என்றேன். அன்றைக்கே போட்டுவிட்டான். நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டான். திரும்பி வருகிற டிக்கெட்டில் 20-ஐ 30 ஆக்க எவ்வளவு ஆகும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னான். வெயில் நல்லா அடிக்கிறது என்று அத்தை மொட்டை மாடியில் வடகம் போட ஆரம்பித்துவிட்டாராம், எங்கள் வீட்டுக்கும் சேர்த்து.